பதினோராவது ஆள்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீர்கள், பி.காம். படித்தவன் போடுகிற கணக்கு. கூட்டல், வகுத்தலுக்கு மேல் போகாது.

உங்கள் தெருவில் 100 மீட்டர் அளந்துகொள்ளுங்கள். அதை 19 வினாடிக்குள் ஓட வேண்டும். முடியுமா? முடியும். கண்டக்டர் விசில் அடித்து பஸ் கிளம்பிவிட்டால் தொப்பை உள்ளவர்கள்கூட ஓடிவிடுகிற வேகம்தான். ஓடியாச்சா? நிற்காதீர்கள். அதே வேகத்தில் இன்னொரு 100 மீட்டர். அப்புறம் இன்னொன்று. இப்படி மொத்தம் 422 தடவை. நடுவில் உட்காரக் கூடாது. டீ கிடையாது. "கொஞ்சம் இருப்பா" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனியக் கூடாது.

இதை ஒரு மனுஷர் செய்தார். பெயர் சிவ்நாத் சிங். வருஷம் 1978. ஊர் பஞ்சாபில் ஜலந்தர். மாரத்தான் தூரமான 42 கிலோமீட்டர் 195 மீட்டரை அவர் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி முடித்தார். ஒரு கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 8 வினாடி. மணிக்கு 19 கிலோமீட்டர் சொச்சம்.

எங்கள் மாங்காட்டு அளவில் சொன்னால், காமாட்சி அம்மன் கோயில் வாசலில் கிளம்பி, போரூர், வடபழனி, கோடம்பாக்கம் வழியாக மெரினா போய், உழைப்பாளர் சிலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, வந்த வழியே திரும்புகிற தூரம். ஏறக்குறைய. அதே நேரத்தில் நீங்கள் காரில் கிளம்பலாம். காலை 9 மணி டிராஃபிக் என்றால் நான் சிவ்நாத் சிங் மேல்தான் பணம் கட்டுவேன்.

இந்தப் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள்? மில்கா சிங்கைத் தெரியும்; சினிமாவே வந்துவிட்டது. பி.டி. உஷாவைத் தெரியும், வேகமாக ஓடுகிற பெண் குழந்தைகளுக்கெல்லாம் ஒரு காலத்தில் தெருவே வைத்த பட்டப்பெயர். 1960-ல் ரோமில் மில்காவும், 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் உஷாவும் நாலாவது இடம். ஒரு மயிரிழையில் மெடல் போச்சு. நாலாவது இடத்துக்கு என்று தனியாக ஒரு கண்ணீர் இருக்கிறது. அதற்கு நாம் சின்ன வயதிலிருந்தே பழகிவிட்டோம்.

சிவ்நாத் சிங் ஒலிம்பிக்ஸில் பதினோராவது. இங்கேதான் சிக்கல். பதினோராவது இடத்துக்கு யார் அழுவார்கள்?

ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது உடனே புரியும். பிரமோஷன் லிஸ்டில் நாலாவது பெயர் என்றால் கேன்டீனில் பத்து பேர் வந்து தோளைத் தட்டுவார்கள். பதினோராவது பெயர் என்றால் லிஸ்டை யாரும் அவ்வளவு கீழே படிப்பதில்லை.

பீகாரில் பக்ஸர் பக்கம் மஞ்சரியா என்ற கிராமத்தில் 1946-ல் பிறந்தவர் சிவ்நாத் சிங். இளவயதில் ராணுவத்தில் சேர்ந்தார். வெறுங்காலில் ஓடிப் பழகிய கால். பெரிய பந்தயங்களுக்கு வந்த பிறகும் பாதத்தில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு ஓடியவர் என்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். இன்றைக்கு வாக்கிங் போவதற்கே என்ன ஷூ வாங்கலாம் என்று நாம் மூன்று நாள் யோசிக்கிறோம்.

1974-ல் டெஹ்ரானில் ஆசிய விளையாட்டுப் போட்டி. 5,000 மீட்டரில் தங்கம். நேரம் 14 நிமிடம் 20.6 வினாடி. 10,000 மீட்டரில் வெள்ளி. ஒரு மனிதர் இத்தோடு நிறுத்தியிருந்தாலே போதும். ராணுவத்தில் மரியாதை, ஊரில் மாலை, பேரன் பேத்திகளுக்குக் காட்ட ஒரு மெடல் எல்லாம் வந்துவிட்டது. இவர் என்ன செய்தார்? மாரத்தானுக்கு வந்தார்.

மாரத்தான் என்பது 10,000 மீட்டரை நாலு தடவை ஓடுவது இல்லை. உடம்பு வேறு மாதிரி கணக்கு வைத்திருக்கிறது. தசையிலும் கல்லீரலிலும் மாவுச்சத்தை கிளைகோஜன் என்ற பெயரில் சேர்த்து வைத்திருக்கிறது. இது கரன்ட் அக்கவுன்ட், கேட்டவுடன் கிடைக்கும். வேகமாக ஓடினால் சுமார் 30 கிலோமீட்டரில் இந்த இருப்பு காலி. அப்புறம் கொழுப்பை எடுத்துத்தான் செலவு செய்ய வேண்டும். அது ஃபிக்ஸட் டெபாசிட். நிறைய இருக்கும் (நம்மில் சிலருக்கு மிக நிறைய). ஆனால் அவசரத்துக்குச் சட்டென்று எடுக்க முடியாது. மேனேஜரைப் பார்க்க வேண்டும், ஃபாரம் எழுத வேண்டும், ஆகும். இந்தத் தாமதம்தான் மாரத்தான்காரர்கள் பயப்படுகிற இடம். சுவரில் முட்டிய மாதிரி கால் நின்றுவிடும். மிச்சம் 12 கிலோமீட்டர் அப்படியே பாக்கி இருக்கும். இந்தச் செலவைச் சிக்கனமாகச் செய்யக் கற்றுக்கொள்வதுதான் பயிற்சி. மாதக் கடைசிச் சம்பளக்காரனுக்கும் மாரத்தான் ஓட்டக்காரனுக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

1976 ஜூலை 31, மான்ட்ரியல். மழை. ஃபிராங்க் ஷார்ட்டர் இருந்தார். 1972 ஒலிம்பிக்ஸ் மாரத்தான் சாம்பியன். லாஸ்ஸே வீரன் இருந்தார். அதே மான்ட்ரியலில் 10,000, 5,000 இரண்டிலும் தங்கம் வாங்கிய கையோடு, முந்தின நாள் ஓட்டக் களைப்போடு, இதிலும் நின்றார். இப்படிப்பட்டவர்கள் நடுவே, முன்னால் போன கும்பலில் நம்முடைய ராணுவத்துக்காரரும் வெகு தூரம் போனார். கடைசிக் கிலோமீட்டர்களில்தான் பின்தங்கினார்.

ஜெயித்தவர் கிழக்கு ஜெர்மனியின் வால்டெமார் சியர்பின்ஸ்கி. 2 மணி 9 நிமிடம் 55 வினாடி. (ஸ்டேடியத்தில் எத்தனை சுற்று என்று குழம்பி, ஜெயித்த பிறகும் ஒரு சுற்று சேர்த்து ஓடினார். தங்க மெடல்காரருக்கும் கணக்கில் சந்தேகம் வருகிறது என்பது நமக்கு ஆறுதல்.) வீரன் ஐந்தாவது. சிவ்நாத் சிங் 2 மணி 16 நிமிடம் 22 வினாடியில் பதினோராவது. உலகத்திலிருந்து வந்த அத்தனை பேரிலும் பத்தே பேர்தான் அவருக்கு முன்னால். இதற்கு ஊரில் தோரணம் கட்டியிருக்க வேண்டும். கட்டினதாகத் தெரியவில்லை.

இரண்டு வருஷம் கழித்துத்தான் ஜலந்தர். முப்பது வயதைத் தாண்டிய பிறகு. "முப்பது தாண்டிட்டா என்னத்த சார்..." என்று இழுக்கிற நண்பர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.

அப்புறம் 1980-ல் மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்கும் போனார். அங்கே ஓட்டத்தை முடிக்கவில்லை. ராணுவத்தை விட்ட பிறகு ஜாம்ஷெட்பூரில் டாடா ஸ்டீலில் வேலை. 2003 ஜூன் 6-ம் தேதி கல்லீரல் நோயில் காலமானார். 56 வயது. வாழ்க்கை வரலாறு அவ்வளவுதான். ஒரு பாரா. ஆனால் அந்த 2:12:00 மட்டும் சாகவில்லை.

1978-ல் எழுதின அந்த எண்ணை இந்தியாவில் நாற்பது வருஷத்துக்கு மேல் யாரும் தொடவில்லை. யோசித்துப் பாருங்கள். 1978-ல் டெலிபோன் கனெக்‌ஷன் கேட்டு எழுதிப் போட்டால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஸ்கூட்டர் புக் பண்ணியும் அப்படியே. டெலிபோன் வந்தது, செல்போன் வந்தது, சட்டைப் பையில் சினிமாத் தியேட்டரே வந்துவிட்டது. ஷூவுக்குள் கார்பன் தகடு வைத்துத் தைத்தார்கள். பிளாஸ்திரி ஒட்டின கால் போட்ட கணக்கு அப்படியே நின்றது.

இதை அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். லேத்தில் கால் மில்லிமீட்டர் தப்பினாலும் பொருளைத் திருப்பி அனுப்புகிற இன்ஸ்பெக்‌ஷன் ஆசாமி.

"அதெல்லாம் சரிப்பா. அந்த ரோட்டை அளந்தது யாரு? டேப் பிடிச்சவன் கை தளர்ந்திருந்தா?"

நியாயமான கேள்விதான். அந்தக் காலத்தில் மாரத்தானுக்கு உலக ரெக்கார்டு என்றே அதிகாரபூர்வமாகச் சொல்ல மாட்டார்கள். ரோடு ஊருக்கு ஊர் வேறு என்பதால் 'சிறந்த நேரம்' என்றுதான் பெயர். ரெக்கார்டு என்ற பட்டம் 2004-லிருந்துதான். 1978-ல் உலகத்திலேயே சிறந்த நேரம் ஆஸ்திரேலியாவின் டெரெக் கிளேட்டன் 1969-ல் ஆண்ட்வெர்ப்பில் ஓடியது: 2 மணி 8 நிமிடம் 33 வினாடி சொச்சம். அந்த ரோடு மேலேயும் இதே சந்தேகம் உண்டு.

"ஜலந்தரை விடுங்க. மான்ட்ரியல் ரோட்டை அளந்தது ஒலிம்பிக்ஸ்காரன். அங்கே பதினொண்ணு. அதுக்கு என்ன சொல்றீங்க?" என்றேன்.

நண்பர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "சரி, பாஸ்" என்றார். அவர் பாஸ் போட்டால் அப்பீல் கிடையாது.

இனி கொஞ்சம் கசப்பான கணக்கு. சந்தேகத்தோடேயே இரண்டு எண்ணையும் ஏற்றுக்கொள்வோம். 1978-ல் உலகின் சிறந்தவருக்கும் இந்தியாவின் சிறந்தவருக்கும் இடைவெளி 3 நிமிடம் 26 வினாடி. ரோட்டில் வைத்துப் பார்த்தால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அந்தாள் மாங்காடு கோயில் வாசலுக்கு வரும்போது நம்மாள் தெருக்கோடியைத் தாண்டி வந்துகொண்டிருப்பார். கூப்பிட்டால் கேட்கிற தூரம் என்றே வைத்துக்கொள்ளலாம், பூசாரி மைக்கில் கூப்பிட்டால்.

2019 மார்ச். கேரளாவின் வயநாட்டைச் சேர்ந்த டி. கோபி, இவரும் ராணுவம்தான், சியோலில் 2 மணி 13 நிமிடம் 39 வினாடியில் ஓடினார். அருமையான ஓட்டம். சிவ்நாத் சிங்குக்கு 99 வினாடி பாக்கி. அப்போதைய உலக ரெக்கார்டு கென்யாவின் எலியுட் கிப்சோகே 2018-ல் பெர்லினில் ஓடிய 2:01:39. கழித்துப் பாருங்கள். சரியாக 12 நிமிடம். கிட்டத்தட்ட 3.8 கிலோமீட்டர். கிப்சோகே கோயில் வாசலுக்கு வந்து, தேங்காய் உடைத்து, பிரசாதம் வாங்கும்போது நம்மாள் போரூரைத் தாண்டித்தான் வந்துகொண்டிருப்பார்.

2023-ல் சிகாகோவில் கெல்வின் கிப்டம் அதையும் 2:00:35 ஆக்கினார். மறு வருஷம் பிப்ரவரியில், 24 வயதில், கார் விபத்தில் போய்விட்டார். அது தனிச் சோகம்.

கோபியைக் குறை சொல்லவில்லை. அவர் கதையே தனி. 2016 மும்பை மாரத்தானுக்கு அவர் வந்தது, இன்னொருவருக்கு வேகம் பிடித்துக் கொடுக்க. கல்யாணத்துக்கு நாயனம் வாசிக்க வந்தவர் மாதிரி. வாசித்துக்கொண்டே போனவர் நிற்காமல் ஓடி இந்தியர்களில் இரண்டாவதாக வந்து, ரியோ ஒலிம்பிக்ஸுக்கே தகுதி வாங்கிவிட்டார். ரியோவில் 2:15:25. அதாவது சிவ்நாத் சிங் மான்ட்ரியலில் ஓடியதைவிட 57 வினாடி வேகம். ஆனால் இடம்? 25. அடுத்த வினாடியில் வந்த கேதா ராம் 26. நாற்பது வருஷத்தில் நாம் ஒரு நிமிடம் முன்னேறியிருக்கிறோம். இடத்தில் பதினான்கு படி இறங்கியிருக்கிறோம். நாம் நிற்கவில்லை, பின்னால் நின்றவர்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

ஏன் இப்படி? கென்யா, எத்தியோப்பியா மலை உயரம் ஒரு காரணம். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒன்றாக ஓடிப் பழகுவது இன்னொரு காரணம். அவர்களுக்கு ஓட்டமே சம்பாத்தியம். பெரிய நகரங்களின் மாரத்தானில் ஜெயித்தால் குடும்பத்துக்கே விடிவு. நமக்கு ஓட்டம் சம்பாத்தியத்துக்கு ஒரு வழி. அவ்வளவுதான். ஸ்டேட் மெடல் வாங்கினால் போலீஸ், நேஷனல் மெடல் வாங்கினால் ரயில்வே, கான்ஸ்டபிளோ கிளார்க்கோ ஏதோ ஒரு ஆர்டர். ஏழை வீட்டுப் பையன் அதற்காக ஓடுவதில் துளியும் தப்பில்லை. ஆனால் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கைக்கு வருகிற அன்று எத்தனை கால்கள் நின்றுவிடுகின்றன!

இதில் ஓட்டக்காரர்களை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? நாமும் அப்படித்தான். டைப்ரைட்டிங் ஹயர், அக்கவுன்டன்ஸி, கம்ப்யூட்டர் கோர்ஸ் என்று ஆர்டர் வருகிறவரை மூச்சிரைக்க ஓடுவோம். வந்த பிறகு பேனாவைத் திறப்பது கையெழுத்துப் போட மட்டும். சிவ்நாத் சிங்குக்கு ஆர்டர் முதலிலேயே வந்துவிட்டது. ராணுவச் சம்பளம், ரேஷன், பென்ஷன் எல்லாம் உண்டு. ஓட வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில்தான் அவருடைய ஓட்டம் ஆரம்பிக்கிறது. என்னைக் கேட்டால் அந்த 2:12:00-வின் ரகசியம் அதுதான்.

நம்மூரிலும் அப்படி ஒருவர் உண்டு. புதுக்கோட்டைப் பக்கத்து ஜி. லட்சுமணன். 2017-ல் புவனேஸ்வரில் ஆசிய சாம்பியன்ஷிப், 5,000, 10,000 இரண்டிலும் தங்கம். மறு வருஷம் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்து, கொடியைப் போர்த்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அறிவிப்பு: ஓடும்போது கால் கோட்டுக்கு உள்ளே பட்டுவிட்டது, தகுதி நீக்கம். 25 சுற்று ஓடின மனிதரிடம் ஒரு அடியைக் காட்டி மெடலை வாங்கிக்கொண்டார்கள். சட்டம் சட்டம்தான். மத்திய அரசு பிற்பாடு 10 லட்சம் ரூபாய் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் அந்தக் கணத்துக்கு விலை போட்டுவிட முடியுமா?

நல்ல செய்தியும் இருக்கிறது. டிராக்கில் காற்று மாறிவிட்டது. 2023-ல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் கார்த்திக் குமார் வெள்ளி, குல்வீர் சிங் வெண்கலம். அதே குல்வீர் 2025 மார்ச்சில் அமெரிக்காவில் 10,000 மீட்டரை 27 நிமிடம் 0.22 வினாடியில் ஓடினார். அந்த வருஷமே ஆசிய சாம்பியன்ஷிப்பில் 5,000, 10,000 இரண்டும் அவருக்கே. 2008-லிருந்து அசையாமல் கிடந்த 10,000 மீட்டர் இந்திய ரெக்கார்டை முதலில் 2024-ல் உடைத்தவரும் அவர்தான். ஒருவர் பூட்டை உடைத்துவிட்டால் பின்னால் வருகிறவர்களுக்குக் கதவு லேசாகத்தான் இருக்கும்.

நாம் ஒரு தப்பு செய்கிறோம் என்று தோன்றுகிறது. நாற்பது வருஷமாக ஒரு ரெக்கார்டு நின்றது என்றால் கை தட்டுகிறோம். அது அந்த மனிதருக்குப் பெருமை, மற்றவர்களுக்கு இல்லை. பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு நல்ல பூட்டு என்று யாராவது சந்தோஷப்படுவார்களா? தாத்தா கட்டின வீட்டில் பேரன் மாடி எடுக்க வேண்டும். அப்போதுதான் அது வீடு.

இப்போது ஜனவரி வந்தால் சென்னையில் விடியற்காலை இருட்டில் ஆயிரக்கணக்கானவர்கள் நெஞ்சில் நம்பர் குத்திக்கொண்டு மாரத்தான் ஓடுகிறார்கள். போரூர், பூந்தமல்லி, ஆவடியிலிருந்தெல்லாம் நம் ஆபீஸ் பையன்கள் போகிறார்கள். முடித்தவர் எல்லோருக்கும் மெடல். சிலர் கேலி செய்கிறார்கள், "நாலாயிரமாவதா வந்தவனுக்கு எதுக்குய்யா மெடல்?" என்று. செய்யட்டும். எங்கள் ஊர் அம்மன் ஊசி முனையில் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்தவள். அவளைப் பார்க்க ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோடு விடாமல் வருகிறவர்களை, வரிசையில் எத்தனாவது ஆள் என்று அவள் கேட்டதில்லை. ஆறாவது வாரமும் வந்தாயா என்பதுதான் அங்கே கணக்கு.

ஒரு ரெக்கார்டு உடைகிற அன்றுதான் பழைய பெயர் மறுபடி பேப்பரில் அச்சாகும். 'இதற்கு முன் இன்னார்' என்று செய்தியின் கடைசி வரியில் வரும். ஓட்டக்காரனுக்குச் சிலை வைப்பதைவிட அந்த ஒரு வரி பெரிது. ஒரு இளைஞன் அவரைத் தாண்டிப் போகும்போது தோளோடு தோள் உரசிவிட்டுப் போன மாதிரி.

அந்த மாதிரிச் செய்தி எந்த ஓட்டக்காரரைப் பற்றி வந்தாலும், தலைப்போடு மடித்து வைத்துவிடாதீர்கள். லிஸ்டைக் கொஞ்சம் கீழே வரைக்கும் படியுங்கள். குறைந்தது பதினொன்று வரைக்கும்.